உபயம் எழுதாத கதவு

ஜூலை 5, சனி

இந்த நோட்டு எதற்கென்றால், இன்னொரு நோட்டு இருக்கிறது. சிவப்பு அட்டை போட்ட தீர்மான நோட்டு. அதில் நான் எழுதவேண்டியதெல்லாம் "ஒருமனதாக", "விவாதிக்கப்பட்டது", "இனிதே நிறைவுற்றது". நடந்ததை எழுத ஒரு இடம் வேண்டாமா?

தண்டனை வந்த கதை. போன வாரம் எங்கள் ஸ்கூல் ஆசிரியர் அறையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "திங்களன்று கல்வி அதிகாரி வருகை. அனைவரும் வெள்ளை உடையில் வரவும்." திங்களன்று இருபத்திரண்டு பேரும் வெள்ளையில் வந்தார்கள். பி.டி. சார் கல்யாண வேட்டி. அந்த அறையைப் பார்த்தால் கட்சி மாநாடு மாதிரி இருந்தது. அதிகாரி மட்டும் வரவில்லை. ஒட்டியது யாரென்று கண்டுபிடிக்க ஹெச்.எம். மேடத்துக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. "இவ்வளவு அழகான கையெழுத்து இந்த ஸ்கூல்ல ஒருத்திக்குத்தான் இருக்குது. பதினொண்ணு பி, தமயந்தி."

தமயந்தி, சுருக்கினால் தமா. அப்பா அதை நீட்டி தமாஷ் ஆக்கிவிட்டார்.

"கையெழுத்துதான் நல்லாருக்குல்ல? போய் நல்ல காரியத்துக்கு எழுது" என்று ஹெச்.எம். அனுப்பிவிட்டார். மூன்று மாதம், சனிக்கிழமைதோறும், கோபி நல்லெண்ணக் குழுவுக்குத் தீர்மானம் எழுதணும். துளிர்க்கூடு என்று ஒரு பகல் நேர மையம். நடக்க முடியாத, காது கேட்காத, படிப்பு மெதுவாக ஏறுகிற முப்பது பிள்ளைகள். மில்லுக்கும் காட்டு வேலைக்கும் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு என்ன உதவி செய்யலாம் என்று முடிவு பண்ணுவதுதான் குழுவின் வேலை.

முதல் பக்கத்தில் "நல்லெண்ணெய்க் குழு" என்று எழுதித் திருத்தினேன். சத்தியமாகக் கை தவறித்தான். வழுக்கிவிட்டது.

ஜூலை 6, ஞாயிறு

மாவு ஆட்டினேன். பெருங்காயம் வாங்கப் போய் பெருமாயமாகிவிட்டேன் என்று அம்மா திட்டினாள். அரைமணி நேரம்தான்.

ஜூலை 12, சனி

மையத்தின் கூடத்தில் ஏழு சுவர்க் கடிகாரம். ஒவ்வொன்றிலும் முள்ளுக்குக் கீழே ஒரு பெயர். உபயம்: இன்னார். நினைவாக: அன்னார். ஏழும் ஏழு நேரம் காட்டுகின்றன. ஃபேன் இறக்கையில் உபயம். தட்டில் உபயம். வீல்சேர் முதுகில் உபயம். தன்னார்வலர் என்றால் தன் ஆர்வலர் என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

குழுவில் மூன்று பேர். தலைவர் சென்னியப்பன் அய்யா, ரைஸ் மில் முதலாளி. கோகிலம் மேடம், தாலுகா ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். இன்னும் ஆபீஸுக்குத் தெரியவில்லை போல, எல்லாரையும் மனு கொடுக்க வந்தவர்களாகவே பார்ப்பார். நசீர் அண்ணன், ஸ்டூடியோ வைத்திருக்கிறார். பிள்ளைகள் சிரித்தால் "இரு இரு, மறுக்கா சிரி" என்பார்.

மரத்தடியில் வீல்சேரில் ஒரு பொண்ணு. பன்னிரண்டு வயசு இருக்கும். நான் குனிந்து, கையை ஆட்டி ஆட்டி, சத்தமாக, "உன்... பேர்... என்ன?" என்றேன். முழித்தாள். இன்னும் சத்தமாகக் கேட்டேன். அப்போதும் முழித்தாள். மூன்றாவது தடவை தெருவே திரும்பிப் பார்த்தது.

"ஏனுங்க்கா கத்தறீங்க? எனக்குக் காலுதான் வராது. காது வரும்."

பேர் மௌனிகாவாம். வாய் மூடிப் பார்க்க முடியாது. பேர் வைத்தவர் என்னைவிடப் பெரிய தமாஷ்.

கோகிலம் மேடம் எல்லாருக்கும் ரோஸ்மில்க் கொடுத்தார். மௌனிகா தன் டம்ளரை வாங்கி, உதட்டில் மட்டும் ஒற்றி, பக்கத்திலிருந்த தினேஷுக்குத் தள்ளிவிட்டாள். தினேஷுக்குக் காது கேட்காது, ஆனால் டம்ளர் நகர்வது நன்றாகக் கேட்கும். பதிலுக்குத் தன் முறுக்கை அவளுக்குத் தந்தான். ரோஸ்மில்க் வியாபாரி! எனக்குச் சரியான ஜோடி கிடைத்துவிட்டாள்.

ஜூலை 19, சனி

இன்றைக்குப் பெரிய விவாதம். குழு வருஷத்துக்கு ஒரு பெரிய காரியம் செய்யும். இந்த வருஷம் என்ன?

"நுழைவு வளைவு" என்றார் சென்னியப்பன் அய்யா. "ரோட்டுல போறவன் நிமிந்து பாக்கோணும். எங்கப்பாரு பேருல."

"வளைவுக்குக் கீழ எல்லாரும் நின்னா குரூப் போட்டோ அள்ளுமுங்க" என்றார் நசீர் அண்ணன்.

"கலை நிகழ்ச்சிக்கு மேடை கட்டினாத்தான் பிரயோஜனம்" என்றார் கோகிலம் மேடம்.

மையத்து எஸ்தர் மிஸ் மூலையில் நின்றபடியே மெதுவாக, "சார், பிள்ளைகளுக்கு ஏத்த மாதிரி ஒரு டாய்லெட்..." என்றார்.

"இருக்குதில்லீங்க மிஸ்ஸு?"

"இருக்குங்க சார். ஒரு படி ஏறணும். கதவும் சின்னது. வீல்சேர் உள்ள போகாது. ஆயாதான் தூக்கிட்டுப் போயி..."

"மிஸ்ஸு, இதெல்லாம் சபையில பேசற விஷயமா?" என்றார் கோகிலம் மேடம்.

"நீங்களே சொல்லுங்க" என்றார் அய்யா. "எங்கப்பாரு பேரை அதுல எங்கீங்க எழுதறது? கதவுலயா, கோப்பையிலயா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும். நல்ல ஜோக்.

தீர்மான நோட்டில்: "இதர விஷயங்களும் விவாதிக்கப்பட்டன."

ஜூலை 26, சனி

சைக்கிள் பஞ்சர். தள்ளிக்கொண்டே போனேன்.

மௌனிகாவோடு கேரம். பந்தயம்: தோற்றவர் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடிக்கணும். இரண்டு ஆட்டத்தில் இரண்டு சொம்பு எனக்குள் போய்விட்டது. வயிறு குடம். மூன்றாவது ஆட்டத்தில் அவள் கடைசிக் காயை அடிக்கும்போது "பாம்பு!" என்று கத்தினேன். ஸ்ட்ரைக்கர் தவறிவிட்டது. நான் ஜெயித்தேன்.

"குடி."

"மாட்டேன்."

"பந்தயம்னா பந்தயம்."

"நீங்க ஏமாத்தினீங்க."

"அதெல்லாம் செல்லாது. குடி, குடி, குடி" என்று பாட்டாகப் பாடினேன். சுற்றியிருந்த பிள்ளைகளும் கையைத் தட்டினார்கள். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே முழுச் சொம்பையும் குடித்தாள். அப்புறம் பேசவே இல்லை. பேருக்கேற்ற மாதிரி முதல் தடவையாக இருந்தாள்.

மதியம் ஆயா பாவாத்தாள் அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு திண்டாடியது. அக்காவுக்கு முதுகு பிடித்துக்கொண்டதாம். நான்கு மணி வேன் வரைக்கும் மௌனிகா ஒரே இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். வேனில் ஏற்றும்போது அவள் பாவாடை நனைந்திருந்தது. நசீர் அண்ணன் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

நான் ஒன்றும் தப்புப் பண்ணவில்லை. விளையாட்டு என்றால் விளையாட்டுதான்.

ஆகஸ்ட் 2, சனி

மௌனிகா வரவில்லை. காய்ச்சலாம். வாரம் முழுக்க வரவில்லையாம். "அடிக்கடி வருது. நீர்க்கடுப்பு" என்றார் எஸ்தர் மிஸ்.

கூட்டத்தில் வளைவுக்கு என்ன கலர் என்று ஒன்றரை மணி நேரம். நீலமா, காவியா, இரண்டும் வேண்டாம் கட்சி கலர் வந்துவிடும், அப்படியானால் மஞ்சள், அதுவும் கட்சி. கடைசியில் "கலர் இல்லாத கலர்" என்று முடிவானது. கிரீம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. கொடிவேரிக்குப் போனோம். அருவிக் கூட்டத்தில் அம்மா என் தலையை அமுக்கி அமுக்கி நனைத்தாள். நல்லாத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து எங்கள் பாத்ரூமுக்கு எத்தனை படி என்று பார்த்தேன். படியே இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

கூட்டம் இல்லை. பாவாத்தாள் அக்கா மருந்து வாங்கிக்கொண்டு மௌனிகா வீட்டுக்குப் போனது. நானும் ஒட்டிக்கொண்டேன்.

வாய்க்கால் ஓரத்தில் ஓட்டு வீடு. மௌனிகா கட்டிலில் சாய்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "பாம்பு எங்கீங்க்கா?" என்றாள். உயிர் வந்தது எனக்கு. மன்னிப்புக் கேட்க ஒரு வசனம் தயார் பண்ணி வைத்திருந்தேன். அதில் இரண்டு சிலேடைகூட இருந்தது. வாய் திறந்தபோது வெறும் "ஸாரி" மட்டும்தான் வந்தது.

அவளே சொன்னாள். காலையில் வேன் ஏறுவதற்கு முன் வீட்டில் போய்விடுவாளாம். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் தண்ணீர், மோர், ரோஸ்மில்க் எதுவும் தொண்டையில் இறக்கமாட்டாள். "அக்கா ஒண்டியா எத்தனை பேரைத் தூக்கும்? அதுக்கு முதுகு போச்சு. கதவையும் சாத்த முடியாது, ரெண்டு பேரு உள்ள நிக்கோணுமில்ல. நான் என்ன சின்னக் கொழந்தையா?"

அவள் அம்மா மில் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டே சொன்னது: "அடுத்த மாசத்தோட நிறுத்திரலாம்னு இருக்கோம் கண்ணு. இன்னும் ஒரு வருஷத்துல வயசுக்கு வந்துருவா. அப்பறம் அங்க எப்பிடி? வீட்டுலயே இருந்துட்டுப் போகட்டும்."

மௌனிகா சுவரைப் பார்த்தாள். அவள் ஆறாம் வகுப்புக் கணக்கை முடித்துவிட்டு ஏழாவது புத்தகத்தை எஸ்தர் மிஸ்ஸிடம் இரவல் வாங்கி வைத்திருக்கிறாள். தலையணைக்கு அடியில் அதன் முனை தெரிந்தது.

வெளியே வந்ததும் அக்காவிடம், "நான் குழுவுல சொல்றேன்" என்றேன். உள்ளேயிருந்து மௌனிகா கத்தினாள். "சொன்னீங்கன்னா பாருங்க! என்னை நடுவுல உக்கார வெச்சுக் கேப்பாங்க. அப்பறம் பேனர்ல போடுவாங்க."

திரும்பி உள்ளே போனேன். "சொல்லாம காட்டினா?"

புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளினாள். "என்னைக் காட்டாம காட்டுங்க."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஜூலை 19 பக்கத்தைப் புரட்டினேன். "நல்ல ஜோக்" என்று எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

ஆகஸ்ட் 16, சனி

வளைவுத் தீர்மானம் இன்றைக்கே கையெழுத்தாக இருந்தது. இந்தக் குழுவில் ஒரு வழக்கம். தீர்மானத்தில் மூன்று பேரும் கையெழுத்துப் போடாமல் யாரும் எழுந்து போகக்கூடாது. ஆரம்பித்த வருஷத்திலிருந்தே அப்படித்தானாம். கோகிலம் மேடம் பேனாவைத் திறந்துவிட்டார்.

நான் கையைத் தூக்கினேன். "அய்யா, ஒரு யோசனைங்க. அடுத்த வாரம் 'வீல்சேர் கூட்டம்' வெச்சா என்னங்க? மூணு பேரும் வீல்சேர்ல உக்காந்தே கூட்டம் நடத்தோணும். ரெண்டு மணி நேரம் காலு தரையில படக்கூடாது. பிள்ளைக கஷ்டத்தை உணர்ந்து தீர்மானம் போட்ட குழுன்னு பேப்பர்ல வருமுங்க."

"போட்டோ பிரமாதமா வருமுங்க!" என்று நசீர் அண்ணன் எழுந்தே விட்டார்.

சென்னியப்பன் அய்யா என்னை ஒரு பார்வை பார்த்தார். "அம்மிணி, வெள்ளைச் சட்டை கேசு நீதான?"

"அது பழைய கேசுங்க."

சிரித்துவிட்டார். கையெழுத்து அடுத்த சனிக்கு ஒத்திவைக்கப்பட்டது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இரண்டு தர்பூசணி. பார்லி கால் கிலோ. அம்மா, "எதுக்குடி?" "சேவைக்கு." அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 23, சனி

நிதானமாக எழுதுகிறேன்.

பத்து மணி. மூன்று வீல்சேர், மூன்று பேர். நசீர் அண்ணன் கேமராவை ஸ்டாண்டில் மாட்டி ஓடவிட்டுத் தானும் உட்கார்ந்தார். விதியை ஒரு அட்டையில் எழுதி மாட்டியிருந்தேன்: "கால் தரையில் படக்கூடாது." என் கையெழுத்து, சொல்லவா வேண்டும்.

முதலில் பார்லித் தண்ணீர், எலுமிச்சை பிழிந்து. வெயிலுக்கு நல்லது என்றேன். ஆளுக்கு இரண்டு டம்ளர். அப்புறம் தர்பூசணி ஜூஸ். அய்யாவுக்குச் சர்க்கரை வியாதி என்பதால் வெல்லம், சீனி எதுவும் போடவில்லை. அதில் மட்டும் நான் ரொம்ப நேர்மை. எஸ்தர் மிஸ் ஜக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே போய் இன்னொரு டம்ளர் கொண்டுவந்து கோகிலம் மேடத்திடம் கொடுத்தார்.

பதினொன்று வரைக்கும் வளைவின் உயரம் பற்றிப் பேசினார்கள். பதினொன்று பத்துக்கு நசீர் அண்ணன் தொடையை ஆட்ட ஆரம்பித்தார். கோகிலம் மேடம் வாட்சைப் பார்த்தார். சுவரில் ஏழு கடிகாரம் இருந்தும் கைவாட்சைத்தான் பார்த்தார்.

"சீக்கிரம் எழுதும்மா" என்றார்.

"எழுதிட்டே இருக்கேனுங்க மேடம். 'வளைவின் அகலம்' வரைக்கும் வந்தாச்சு." தேர்வு எழுதும்போதுகூட நான் இவ்வளவு திருத்தமாக எழுதியதில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் சுழி போட்டேன்.

பதினொன்று இருபது. சென்னியப்பன் அய்யா மெதுவாகச் சக்கரத்தைத் திருப்பினார். "ஒரு நிமிசம். வந்தர்றேன்."

"காலு படக்கூடாதுங்கய்யா" என்றேன். "கேமரா ஓடுது."

"தெரியுமம்மிணி, தெரியும்."

மனுஷர் ரோஷக்காரர். தானே தள்ளிக்கொண்டு முற்றம் தாண்டி, வேப்பமரம் தாண்டி, பாத்ரூம் வரைக்கும் போய்விட்டார். நானும் பின்னாலேயே நோட்டோடு. படியில் முன்சக்கரம் இடித்தது. பின்னால் வாங்கி மறுபடியும் மோதினார். மூன்றாவது தடவை ஒரு சக்கரம் ஏறியது. கதவு நிலையில் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு வண்டி நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. நெற்றியெல்லாம் வேர்வை.

பாவாத்தாள் அக்கா ஓடிவந்தது. அதற்கு இந்த விளையாட்டெல்லாம் தெரியாது. யாரும் சொல்லவில்லை. தினமும் செய்கிற மாதிரியே முந்தானையைச் செருகிக்கொண்டு, அவர் அக்குளில் கையைக் கொடுத்து, "கழுத்தைக் கட்டிக்கோங்கய்யா. நான் தூக்கி உள்ள உக்கார வெக்கறனுங்க. கண்ணை மூடிக்கறனுங்க, வெக்கப்படாதீங்க" என்றது.

அய்யா அக்காவைப் பார்த்தார். அவர் முகத்தைப் பற்றி எழுத எனக்கு ஒரு சிலேடையும் வரவில்லை.

"வேண்டாந்தாயி" என்றார். எழுந்து, தன் இரண்டு காலில் நடந்து உள்ளே போனார். அக்கா வண்டியைப் பிடுங்கிக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அதற்குள் நசீர் அண்ணனும் கோகிலம் மேடமும் வந்துவிட்டார்கள், நடந்துதான். கூடத்துக்குத் திரும்பியபோது மேடம் அட்டையையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

திரும்பி வந்த அய்யா வீல்சேரில் உட்காரவில்லை. அதன் முதுகில் இருந்த பெயரைப் பார்த்தபடி நின்றார். அவர் பெயர்தான்.

"மிஸ்ஸு, புள்ளைக எப்பிடிங்க சமாளிக்குது?"

"தண்ணி குடிக்கறதில்லீங்க சார்" என்றார் எஸ்தர் மிஸ். "பெரிய பொண்ணுக யாருமே குடிக்கறதில்ல. கொஞ்ச நாள்ல நின்னுருவாங்க. போன வருஷம் நாலு பேரு."

யார் பெயரையும் மிஸ் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே, காய்ச்சல் விட்டு முந்தாநாள்தான் வந்த மௌனிகா, ஏழாவது புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தாள். தலைகீழாக.

முதலில் கோகிலம் மேடம்தான் பேசினார். "எங்கம்மா கடைசிக் காலத்துல பாத்ரூமுக்கு என்னைக் கூப்பிடாம இருக்கறதுக்காகவே காபி வேண்டாம்பாங்க. நான் பசி இல்லைன்னு நெனச்சேன்." மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "வளைவு வேண்டாமுங்க."

"ஆனா உபயம்..." என்று இழுத்தார் நசீர் அண்ணன். "டாய்லெட்ல யாரு பேருங்க போடறது?"

"பேரெல்லாம் வேண்டாம்" என்றார் அய்யா. "எழுதிக்கோ அம்மிணி."

எழுதினேன். மூன்று பேரும் நின்றபடியே கையெழுத்துப் போட்டார்கள்.

போகும்போது அய்யா என் பக்கத்தில் நின்றார். "ஜூஸ் ஆரு போட்டது?"

"நான்தானுங்க."

"சக்கரை போடாமயே நல்லாருந்துச்சு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஆகஸ்ட் 30, சனி

புதுச் சண்டை. டாய்லெட்டில் பிடித்துக்கொள்கிற கம்பி எந்த உயரத்தில்? கொத்தனார் ஒரு அளவு சொன்னார், கோகிலம் மேடம் அரசாணையில் வேறு அளவு என்றார், நசீர் அண்ணன் நெட்டில் இன்னொன்று பார்த்தார். அய்யா என்னிடம் திரும்பி, "உனக்கென்ன தோணுது?" என்றார்.

"எனக்குக் காலு நல்லாருக்குதுங்க. நான் எப்பிடிச் சொல்றது?"

அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். இத்தனை வருஷத்தில் கூட்டத்துக்குள் பிள்ளைகள் வந்தது இதுதான் முதல் தடவையாம். மௌனிகா கொத்தனாரை அரைமணி நேரம் பாடாய்ப் படுத்தினாள். "இங்க பிடிச்சா நான் விழுவேன். இங்க. இல்ல, இன்னும் கீழ. தாழ்ப்பாள் எங்க? மேல வெச்சீங்கன்னா அது உங்களுக்குத்தான், எங்களுக்கில்ல." கொத்தனார் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுப் போட்டு அழித்தார்.

"பாப்பா, நீ என்ன இஞ்சினியரா?"

"இன்னும் ஏழாவதே படிக்கலீங்ணா. அவசரப்படாதீங்க."

அவள் அம்மா அடுத்த மாதம் நிறுத்துவதைத் தள்ளிப்போட்டிருக்கிறாள். "கட்டட்டும், பாக்கலாம்" என்றாளாம். பாக்கலாம் என்றால் எங்கள் ஊரில் முக்கால்வாசி சரி.

செப்டம்பர் 11, வியாழன்

காலாண்டுத் தேர்வு. இயற்பியல். செயற்பியலாக எழுதிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 13, சனி

சிமெண்டு ஈரமாக இருந்தபோது தினேஷ் கையை வைத்துவிட்டான். ஐந்து விரலும் அச்சு. கொத்தனார் பூசப் போனார். அய்யா, "உடு, இருக்கட்டும்" என்றார்.

செப்டம்பர் 27, சனி

திறப்பு விழா இல்லை. ரிப்பன் இல்லை. பேனர் இல்லை. நசீர் அண்ணன் கேமரா இல்லாமல் வந்து, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சாய்வான சிமெண்டுத் தடம், அகலக் கதவு, இரண்டு பக்கமும் கம்பி. கதவு வெறும் பச்சை. ஒரு எழுத்துக் கிடையாது.

யார் முதலில் என்று கேட்பதற்குள் மௌனிகா சக்கரத்தை உருட்டிவிட்டாள். காலையிலிருந்து இரண்டு டம்ளர் மோர் குடித்துவிட்டுக் காத்திருந்திருக்கிறாள், கேடி. பாவாத்தாள் அக்கா வழக்கம் போல முந்தானையைச் செருகிக்கொண்டு பின்னாலேயே போனது.

"அக்கா, நீங்க நில்லுங்க."

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம். அவள் அம்மா லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அந்தச் சத்தத்துக்கு வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். வெளியே வரிசை நீண்டது. தினேஷ் ஒற்றைக் காலில் குதித்தான்.

"மௌனி, முடிஞ்சுதா சாமி?" என்று அக்கா கதவருகில் போய்க் கேட்டது.

"எப்பவோ முடிஞ்சுது."

"விழுந்துகிழுந்துட்டயா? நான் வரட்டுமா?"

"வராதீங்க."

"அப்பறம் உள்ள என்ன பண்ற?"

"ஒண்ணும் பண்ணல. தனியா உக்காந்திருக்கேன்." கொஞ்சம் விட்டு, "நல்லாருக்குது. யாரும் தட்டாதீங்க" என்றாள்.

யாரும் தட்டவில்லை. அய்யா தினேஷைப் பார்த்து, சைகையில் "பொறு" என்றார். அக்கா செருகின முந்தானையை எடுத்து உதறிவிட்டு, வரிசையின் கடைசியில் எங்களோடு வந்து நின்றுகொண்டது.